ஒரு குடத்துக்கு நான்கு குடம்

எங்கள் கல்லூரியின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் பொருக்கு படியும். விடுதிச் சமையலறையில் அதைச் சிறு சுத்தியலால் தட்டி எடுப்பார்கள். அந்த நீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட அந்த மேட்டு நிலத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் முழுவதும் பயணம் செய்ய வேண்டும். அங்கே ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பவளப்பாறையையும் கடற்சாமந்தியையும் உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் என்னிடம் இருந்தது. விலங்கியல் துறைக்கு நான் தலைவன். அத்தொட்டியை விரும்பிக் கேட்டுப் பெற்றவனும் நானே. ஆகவே பின்னர் நேர்ந்தவற்றுக்குப் பிறரைக் குறைகூற எனக்கு இடமில்லை.

எழுபதுகளின் இறுதியில் மாணவர்களை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துச் சென்று திரும்பியபோது அவ்விருப்பம் எனக்கு உண்டாயிற்று. கல்லூரியின் தாளாளர் லாரிகளும் துளைபோடும் வண்டிகளும் உடைய வேளாண் குடும்பத்தவர். கேட்டதும் இசைந்தார். இராமநாதபுரம் பக்கம் சரக்கிறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரிகளில் கடல்நீரைப் பீப்பாய்களில் ஏற்றி அனுப்பச் செய்தார். பாறைத் துண்டுகளும், அவற்றில் ஒட்டிய பவள உயிர்களும், ஒரு கடற்சாமந்தியும், அதன் கைகளுக்கிடையே குடியிருக்கும் செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன் இரண்டும் ஈரச் சாக்கிலும் வாளியிலுமாக வந்து சேர்ந்தன.

கடல்நீர் கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். எங்கள் ஊர் வெயில் வேறு வகையில் எண்ணியது. நாள்தோறும் இரண்டு குடத்துக்குக் குறையாமல் தொட்டி நீர் ஆவியாயிற்று. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பும் சுண்ணமும் அற்ற தூய நீரை ஊற்ற வேண்டும். கிணற்று நீரை ஊற்றினால் அதிலுள்ள கழிவும் சுண்ணமும் நாளுக்கு நாள் சேர்ந்து, பழுப்புப் பாசி பாறையைப் போர்த்தி, பவள உயிர்கள் மூச்சடைத்து மாளும். பவளம் வளர்ப்பவனுக்குக் கடலைவிடக் கடினமானது இந்த இரண்டு குடம் நன்னீர்தான்.

தொட்டியைப் பேணுவதற்கு ஒருவர் அமர்த்தப்பட்டார். எடப்பாடியில் நூலுக்குச் சாயம் தோய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தாரோடு பாகப் பிரிவினையில் மனத்தாங்கல் கொண்டு, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் எங்கள் பக்கம் வந்து குடியேறியவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நீரில் கைவைத்தே அதன் வெம்மையையும் கனத்தையும் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. பணியோ தற்காலிகம். ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் வாரத்தில் மூன்று வரியில் ஓர் ஆணை வரும். அவ்வாரம் முழுவதும் அவர் அலுவலக வாயிலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் இரண்டு ஆண்டுகள் பேட்டரி நீரால் கெட்டன. நாமக்கல்லில் லாரிப் பட்டறை உள்ள தெருவிலெல்லாம் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் கிடைக்கும். காய்ச்சி வடித்த நீரைவிடத் தூயது வேறில்லை என்பது நான் வகுப்பில் சொல்லிவந்த பாடம். பட்டறைக்காரர் ஒருவரிடம் தயங்கித்தான் கேட்டேன். அவர் தயங்கவில்லை.

“லாரியே ஓடுதுங்க வாத்தியாரே, மீன் ஓடாதுங்களா?” என்று இரண்டு கேன்களைத் தூக்கிக் கொடுத்தார்.

மீன்கள் ஓடத்தான் செய்தன. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள்தாம் முதலில் கழன்று விழுந்தன. பின்னர்ச் சாமந்தி சுருங்கியது. விரிந்த தட்டளவு இருந்தது கைப்பிடியளவு ஆயிற்று. பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பட்டறைக்கு மீண்டும் சென்று வடிக்கும் கலத்தைப் பார்த்தபோது, நீராவி குளிர்ந்து இறங்கும் சுருள்குழாய் செம்பாலானது என்று கண்டேன். செம்பின் சிறு துளி லாரி பேட்டரிக்குத் தீங்கன்று. முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்கு நஞ்சு. அதை நான் அறிந்திருந்தேன். கலத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. பாறைகளை வெளியே எடுத்துக் கொட்டிய நாளில் தொட்டிக்காரர் தொட்டியை ஏழு முறை கழுவினார்.

தொட்டியில் மீன்கள் மட்டுமே இருந்த சில ஆண்டுகளுக்குப் பின், எண்பதுகளின் நடுவில்தான் எதிர்ச்சவ்வூடு பரவல் என்னும் முறை எங்களுக்கு எட்டியது. கடலோரச் சிற்றூர் ஒன்றில் உவர்நீரைக் குடிநீராக்கும் கருவி நிறுவிய சென்னைப் பொறியாளர் ஒருவரை ஒரு கருத்தரங்கில் கண்டேன். நீரை மிகுந்த அழுத்தத்தோடு ஒரு மென்சவ்வின்மேல் செலுத்தினால் நீர் மட்டும் ஊடுருவும், உப்பு இப்பக்கமே நின்றுவிடும் என்று அவர் விளக்கியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் சோர்வாயிருக்கிறது.

தேர்வு செய்வது எளிதாக இல்லை. சவ்வில் இரண்டு வகை உண்டு என்றார். பழைய வகை வெளுப்புத்தூள் கலந்த நீரைத் தாங்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த நீரில் நாளடைவில் சிதையும், நுண்ணுயிரும் அதை அரிக்கும். புதிய வகைக்கு அக்குறைகள் இல்லை. ஆனால் வெளுப்புத்தூள் பட்டால் சில வாரங்களில் வீணாகும். எங்கள் நீர் காரமானது. எங்கள் மேல்நிலைத் தொட்டியிலோ, காவலாளி தமக்குத் தோன்றும்போதெல்லாம் கை நிறைய வெளுப்புத்தூளை அள்ளிப் போடுவார். ஒரு மாதம் எண்ணிப் பார்த்துப் புதிய வகையையே தெரிந்தெடுத்தேன். மேல்நிலைத் தொட்டியைத் தொடாமல் கிணற்றிலிருந்து நேரே ஒரு பீப்பாய்க்குக் குழாய் இழுத்தோம். பீப்பாயிலிருந்து நூல் சுற்றிய வடிகட்டி, அடுத்துக் கரித்தூள் குடுவை, அதன்பின் எந்திரம், எஃகுக் குழலுக்குள் சவ்வு. ஒரு மெல்லிய குழாயில் நன்னீர் வரும். மற்றொன்றில் உப்பைச் சுமந்த கழிநீர் வெளியேறும்.

“ஒரு குடம் நல்ல நீருக்கு நான்கு குடம் வெளியேற வேண்டும்” என்று பொறியாளர் பொருத்திய நாளில் சொன்னார். “அதைக் குறைக்கக் கூடாது. அந்த நான்கு குடம்தான் சவ்வைக் கழுவிக்கொண்டே போகிறது. குறைத்தால் சுண்ணம் அதன்மேலேயே படியும்.”

அதை என்னிடம் சொன்னார். தொட்டிக்காரர் அப்போது வெளியே குழாய்க்கு மண் வெட்டிக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு அதே வாரம் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். சவ்வு, கரைபொருள், ஊடுருவல் என்று ஒவ்வொன்றுக்கும் தக்க சொல் தேடி வைத்திருந்தேன்.

பராமரிப்பு என்பது சொல்லில் சிறியது. எந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் கால்மணி நேரத்து நீரைக் கொட்டிவிட வேண்டும். நூல் வடிகட்டி இருபது நாளில் செம்மண் நிறமாகும்; சென்னையிலிருந்து புதியது வரக் காத்திராமல், கஞ்சி ஏற்றாத பருத்தி நூலை எடப்பாடியிலிருந்து வரவழைத்துத் தொட்டிக்காரரே அச்சில் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிக்கொள்வார். கரித்தூளை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். நீரின் உப்பைக் காட்டும் அளவியின் முள்ளைத் திங்கட்கிழமைதோறும் பார்த்துக் குறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சவ்வு உலரக் கூடாது. உலர்ந்தால் போயிற்று. ஆகவே எந்திரத்துக்கு விடுமுறை கிடையாது. பொங்கலும் இல்லை, கோடை விடுமுறையும் இல்லை. எடப்பாடிக் கோயில் நோம்பிக்கு அவர் போகாமல் நின்ற ஆண்டுகள் நான்கு. என் வீட்டில் கோடையில் உறவினர் ஊருக்குப் போகும் பேச்சையே எடுப்பதில்லை. உயிருள்ள ஒன்றைப் பேணுவதில் வரும் களைப்பு வேறு. அந்த உயிருக்கு வேண்டிய நீரைத் தரும் பொறியைப் பேணுவதில் வரும் களைப்பு வேறு. பின்னதற்கு ஆறுதல் குறைவு.

ஆயினும் புதிதாக வரவழைத்த பவளங்களும் சாமந்தியும் இம்முறை பிழைத்தன. ஒரு பாறையில் புதிய மொட்டுகள் அரும்பின. தாளாளர் விருந்தினரை அழைத்து வந்து காட்டினார். அவ்வாண்டு முதுகலை வகுப்புக்கு விண்ணப்பித்திருந்தோம். தை மாதம் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வரும் என்று கடிதம் வந்தது. தாளாளர் எல்லோர் முன்னிலையிலும் தொட்டிக்காரரைப் பார்த்து, “தொட்டி உசுரோட இருக்கோணும். குழு பாத்துட்டுப் போனதும் உன்னை நிரந்தரம் பண்ணீர்றேன்” என்றார். தை கழிந்து வரும் ஆவணியில் தொட்டிக்காரருக்கு நாற்பத்தைந்து நிறைய இருந்தது. நிறைந்துவிட்டால் எங்கள் விதியில் நிரந்தரத்துக்கு இடமில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மறுநாள் முதல் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வரத் தொடங்கினார்.

அவ்வாண்டு மழை பொய்த்தது. முந்திய ஆண்டும் பொய்த்ததுதான்.

தொடக்கத்தில் கழிநீர் வீணாகவில்லை. ஆய்வகத்துக்குப் பின்னே வேலியோரம் குழாயை விட்டிருந்தோம். வேலிக்கு அப்பால் இருந்த குடியிருப்புப் பெண்கள் அதைக் குடத்தில் பிடித்துப் பாத்திரம் துலக்கவும் எருமை கழுவவும் கொண்டு போவார்கள். கிணற்று நீரைவிடச் சற்றே கரிப்புக் கூடியது, அவ்வளவுதான். அவர்களுக்கு லாரி நீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை குடும்பத்துக்கு மூன்று குடம் வந்தது. எங்கள் குழாயில் நாளுக்கு எட்டுக் குடம்.

“அடுத்த பொறப்புலயாச்சும் இந்தக் காலேஜுல மீனாப் பொறக்கோணுமுங்க” என்று அவர்களில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தொட்டிக்காரரும் சிரித்தார். நான் படித்தவன் என்பதால் சிரிக்காமல் நின்றேன் போலும்.

ஐப்பசியில் அங்கே ஒரு சண்டை மூண்டது. யார் குடம் முன்னே என்பதில் தொடங்கி, பித்தளைக் குடம் ஒன்று ஒரு பெண்ணின் நெற்றியைப் பிளந்தது. கல்லூரி முதல்வர் அஞ்சிவிட்டார். கல்லூரிக் குழாய் வேலிக்கு வெளியே போகக் கூடாது, உள்ளிருந்தும் எவருக்கும் நீர் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட்டார். கழிநீருக்கு ஆய்வகத்தின் பின்னே ஒரு குழி தோண்டப்பட்டது. நாள்தோறும் எட்டுக் குடம் நீர் அக்குழியில் இறங்கி மண்ணுக்குள் மறைந்தது. வேலிக்கு அப்பால் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த ஓசை நன்றாகக் கேட்கும்.

சாயம் தோய்ப்பவர்களின் வழக்கம் ஒன்றைத் தொட்டிக்காரர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். தொட்டியில் கலக்கிய சாயத்தை அவர்கள் கொட்டுவதில்லை. அடர்நிறத்துக்கு முதல் பாவு நூலை நனைத்தபின், மிஞ்சிய நீரில் அடுத்ததை நனைப்பார்கள். அது சற்று வெளிறிய நிறம் கொள்ளும். அதன் பிறகும் மிஞ்சினால் கொஞ்சம் புதுநீரும் சாயமும் சேர்த்து மறுநாளைக்கு வைப்பார்கள். தொட்டியைக் கவிழ்ப்பது என்பது அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் செய்கிற செயல்.

கார்த்திகையின் முதல் வாரத்தில் ஒரு நாள் கழிநீர்க் குழாயின் முனை குழியில் இல்லை. தேடினேன். அது திரும்பி வந்து, கிணற்று நீர் நிற்கும் பீப்பாய்க்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. பீப்பாயில் குறைகிற அளவுக்கு மட்டும் கிணற்று நீரைத் தொட்டிக்காரர் திறந்துவிட்டிருந்தார். குழி காய்ந்து கிடந்தது.

அதன் விளைவு எனக்கு உடனே விளங்கியது. உப்பு மட்டும் பின்தங்கி, மீண்டும் பீப்பாய்க்கு வந்து, மீண்டும் சவ்வை அடைந்து, ஒவ்வொரு சுற்றிலும் கனத்துக்கொண்டே போகும். நான் குழாயை எடுத்துக் குழியில் விட்டேன். பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவினேன். அவர் அப்போது தொட்டி அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது. 

இரண்டு நாள் கழித்துக் குழாய் மீண்டும் பீப்பாயில் இருந்தது. மீண்டும் எடுத்து வெளியே விட்டேன். அவ்வாறு நான்கு முறை. ஒருமுறையும் எங்களுக்குள் பேச்சில்லை. நான் எடுப்பதை அவர் பார்த்தார். அவர் போட்டதை நான் பார்த்தேன். நான்காம் முறை குனிந்து நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் பதினைந்து இருபது பேர் வெறுங்குடத்தோடு அமர்ந்திருந்தார்கள்.  நீர் குழியில் விழும் ஓசை கேட்டது.

ஐந்தாம் முறை குழாய் பீப்பாயில் கிடந்ததைக் கண்டு, அப்படியே விட்டுவிட்டு வகுப்புக்குச் சென்றேன்.

அறியாமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமைதோறும் அளவியின் முள்ளைப் பார்த்தேன். முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் ஒரு கோடு ஏறியது. மூன்றாம் வாரம் மூன்று கோடு. தை வரைக்கும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் மகிழ்ந்திருந்தார், கிணற்று நீர் பாதிக்கும் குறைவாகவே செலவாகிறது என்று என்னிடம் வந்து சொன்னார். நல்லது என்றேன்.

மார்கழியின் தொடக்கத்தில் நன்னீர்க் குழாயில் நீர் நூலாக மெலிந்தது. அப்படி வந்த கொஞ்சமும் நாவில் கரித்தது. எஃகுக் குழலைக் கழற்றிச் சவ்வை வெளியே இழுத்தோம். அதன் முனை, விடுதிச் சமையலறைப் பாத்திரத்தின் அடிபோல வெள்ளையாக இருந்தது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கிக் கரைத்து, ஒரு பகல் முழுவதும் சவ்வை அதில் ஊற வைத்தோம். நுரை பொங்கியது. அவர் அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி பொருத்தியபோது நீர் சற்று மிகுந்து வந்தது. முள் மட்டும் இறங்கவில்லை. சவ்வு கிழிந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து புதிய சவ்வு வர மூன்று வாரம் ஆகும். தாளாளர் ஒப்ப வேண்டும். அவரே நேரில் வந்தார். தொட்டியில் சாமந்தி பாறையை விட்டுக் கழன்று கண்ணாடியோரம் ஒதுங்கியிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“ஏன் கெட்டுதுங்க?” என்று கேட்டார்.

சுண்ணம் படிந்துவிட்டது என்றேன்.

“அஞ்சு மாசத்துக்கு முன்ன நல்லா ஓடுச்சே. யாரு என்ன பண்ணுனது?”

தொட்டிக்காரர் என் பின்னே நின்றுகொண்டிருந்தார். மூச்சு விடும் ஓசைகூடக் கேட்டது. இந்த இடத்தில் நான் பொய் சொல்ல விரும்பவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கவும் விரும்பவில்லை. பிழை என்னுடையது என்றேன். கழிநீரைப் பீப்பாய்க்கே திருப்பியதை நான் பார்த்தேன், தடுக்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு விளக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு. திருப்பியவர் மீது குறையில்லை என்று காட்டுவதற்காக, ஒரு குடம் நன்னீருக்கு நான்கு குடம் வெளியேறுகிறது, இந்த வறட்சியில் அதை எந்த மனிதனாலும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது, நல்லெண்ணத்தால்தான் அப்படிச் செய்தார் என்று நிறுத்தி நிதானமாக எடுத்துரைத்தேன்.

தாளாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எத்தனைக்கு எத்தனை?”

மீண்டும் சொன்னேன்.

அவர் பின்பக்கம் நடந்து போய்க் குழியைப் பார்த்தார். அவர் குடும்பத்துத் துளை வண்டிகள் வடநாடு வரை சென்று நீர் காட்டிவந்தவை. எங்கள் வளாகத்தில் மட்டும் அவ்வாண்டு அவர் போட்ட மூன்று துளையும் பொய்த்துவிட்டன. ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. குழியோரம் நின்றபடியே மெல்லத்தான் பேசினார்.

“மூணு போர் போட்டு மூணுலயும் பொகை வந்த எடமுங்க இது. ஆஸ்டல் பசங்களுக்கு என்ற லாரியில தண்ணி வருது. நீங்க எட்டுக் கொடத்தைக் குழியில உட்டிருக்கீங்க. படிச்சவிய பண்ற வேலையாங்க இது?”

மழை பெய்யும் வரையிலாவது என்று தொடங்கினேன்.

“நிறுத்துங்க” என்றார். எந்திரத்தையா, பேச்சையா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. போகும்போது தொட்டிக்காரரைப் பார்த்து, “நீ ஒண்ணும் தப்புப் பண்ணலப்பா” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சவ்வு பழுதாயிற்று என்ற ஒரு சொல்லோடு நான் அமைந்திருந்தால் புதிய சவ்வு வந்திருக்கும். இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

சேமிப்பில் இருந்த நன்னீர் ஒன்பது நாள் வந்தது. வேதியியல் துறையின் கண்ணாடி வடிகலம் நாளுக்கு அரைக் குடம் தரும். ஆனால் அதைக் குளிர்விக்க ஓடும் நீர் எங்கள் எந்திரம் கழித்த நீரைவிட மிகுதி. அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு கிணற்று நீரையே ஊற்றினோம். சாமந்தி அழுகியது, அது அழுகினால் தொட்டி முழுவதையும் கெடுக்கும். பீப்பாயில் எஞ்சியிருந்த பழைய கடல்நீரைத் தொட்டிக்காரர் ஊற்றிப் பார்த்தார்; பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பல் துலக்கும் தூரிகையால் பாசியைத் தேய்த்தார்; ஒரு நாளில் மூன்று முறை. பொங்கல் அன்றும் வந்து தேய்த்தார். அவர் மனைவி ஒரு தூக்கில் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தார். அதை இருவரும் அந்த நாற்றத்துக்கு நடுவே உண்டோம். மறுவாரம் பாறைகளில் உயிர் என்று சொல்ல ஒன்றும் எஞ்சவில்லை. மீன் இரண்டு மட்டும் வெறும் கண்ணாடிக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

குழு வந்தது. நூலகத்தில் நெடுநேரம் இருந்தார்கள். எங்கள் அறையில் இரண்டு நிமிடம் நின்றார்கள். தலைவர் கண்ணாடியைத் தட்டி, மீன்கள் அழகாயிருக்கின்றன என்றார். வகுப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.

நிரந்தரம் பற்றித் தாளாளரிடம் மூன்று முறை சென்றேன். முதல் முறை பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை அவர் ஊரில் இல்லை. மூன்றாம் முறை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தொட்டி உயிரோடு இருந்தால் என்றுதான் சொன்னேன் என்பதை நினைவூட்டினார். வேறு துறையில் ஓர் இடம் என்று கேட்டேன்.

“எனக்கென்னங்க, அவன் நல்லவன். தொட்டி இல்லாம தொட்டிக்காரனுக்கு என்ன பேருல ஆர்டர் போடறது? நீங்களே சொல்லுங்க.”

ஆய்வக உதவியாளர் என்று போடலாம் என்றேன். அதற்குப் படிப்பு வேண்டும் என்று விதியைக் காட்டினார். அவ்விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அந்த ஆண்டு கல்லூரி திறக்கும் வாரத்தில் மூன்று வரி ஆணையும் வரவில்லை.

ஆடியில் தொட்டிக்காரர் சாவிகளைக் கொடுக்க வந்தார். அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பால் ஆத்தூர்ச் சாலையில் ஒரு சவ்வரிசி ஆலையில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். மாவு கழுவும் தொட்டிகளில் வேலை. மூத்த பெண்ணின் பள்ளிச் சான்றிதழை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் எழவில்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

கேளுங்கள் என்றேன்.

“அந்தக் குழாயை நாலு தடவை எடுத்து வெளிய உட்டீங்க. நானும் பாத்தேனுங்க. அப்பறம் ஏனுங்க அப்படியே உட்டுட்டீங்க?”

பொருத்தமான விடை ஒன்றைத் தேடினேன். வேலிக்கு அப்பால் இருந்த பெண்களைச் சொல்லியிருக்கலாம். அது உண்மையில் ஒரு பகுதிதான்.

“களைத்துப் போய்விட்டேன்” என்றேன்.

அவர் தலையசைத்தார். சினம் இருந்ததாகத் தெரியவில்லை.

“வாயெடுத்து ஒரு தடவ சொல்லியிருக்கலாமுங்க. தண்ணியை மிச்சம் பண்றேன்னுதானுங்க நெனச்சேன். நீங்க எடுத்து உடறதைப் பாத்து, தண்ணி வெளிய தரமாட்டோம்னு பொம்பளைக பாக்கட்டும்னு பண்றீங்களாக்கும்னு நெனச்சுட்டேன். எனக்குத் தெரியாதுங்களே.”

அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அறுபது மாணவர்களுக்குக் கரும்பலகையில் விளக்கியதை, நாள்தோறும் எந்திரத்தை இயக்கிய ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்கு அன்றும் விடையில்லை. அவர் சாவிகளை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்து, இது பீப்பாய் அறைக்கு, இது மின்பெட்டிக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார். கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன்.

“வாரேனுங்க” என்றார்.

சாலை வரை உடன் நடந்தேன். சேலம் பேருந்து வர நேரமாயிற்று. ஆலையில் தங்க வீடு தருகிறார்கள் என்றும், கிணற்று நீர் அங்கே நன்றாயிருக்கிறது, பருப்பு வேகும் என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.